விருதுநகர் நேரம்

யாங்கோனில், ஷ்வேபோன்தா தெருவில், ஆறாம் மாடியில் அறை.
லிஃப்ட் கிடையாது.
பால்கனிகளிலிருந்து கயிறுகள் தொங்குகின்றன,
மேல் நுனியில் மணி, கீழ் நுனியில் கிளிப்.
இழுத்துவிட்டால் போதும்,
பேப்பரும் பாலும் சாவிக்கொத்தும்
ஆளில்லாமல் மேலே போகும்.
எனக்கு நூற்றுப் பதினாலு படி.

உளுந்து பார்க்க வந்திருக்கிறேன்.
மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு அள்ளி,
உமி ஊதி, ஒன்றைக் கடித்து
முதல்தரமா நடுத்தரமா என்று சொல்ல வேண்டும்.
இருபத்தாறு வருஷமாக இந்தப் பல் தப்பியதில்லை.
என் தரத்தைத்தான் டாக்டரம்மா
ஒரு சிரிஞ்சு ரத்தத்தில் கடித்துப் பார்த்துவிட்டார்:
மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி ஒன்று.
"ஊர் மாறலாம் ரத்தினாவதி, ஒழுங்கு மாறக்கூடாது.
பத்தாயிரம் அடி. கடிகாரம் எண்ணும், ஏமாற்ற முடியாது."

முதல் நாள் ஒழுங்கு.
பையில் கொண்டுவந்த வறுத்த பயறு, இரண்டு கொய்யா,
விடியலில் காந்தோஜி ஏரியின் மரப்பாலத்தில் ஒரு சுற்று.
இரண்டாம் நாளும் அப்படித்தான்,
கொய்யா மட்டும் ஒன்று.

மூன்றாம் நாள் தரகர் கோ தெய்ன்
(வீட்டில் மருதப்பன்)
டீக்கடைக்கு அழைத்துப் போனார்.
இந்த ஊரில் கேட்காமலே தட்டுகள் வருகின்றன.
எடுத்ததற்குத்தான் காசு.
தொடாத தட்டு அடுத்த மேசைக்குப் போய்விடும்
யார் மீதும் வருத்தமில்லாமல்.
இத்தனை நியாயமான சோதனையை
நான் எந்தக் கல்யாணப் பந்தியிலும் கண்டதில்லை.
ஃபிளாஸ்கில் வெறும் பச்சைத் தேநீர்,
கசப்பு, சூடு, இலவசம்.
அதையே குடித்தேன். மூன்று கோப்பை.

மருதப்பன் ஒரு தட்டை விரலால் நகர்த்தினார்.
"அக்கா, இந்த வடை
போன மாசம் நீங்க வேண்டாம்னு தள்ளின லாட்டு."

அப்புறம் எப்படித் தின்னாமல் இருப்பது?
முதல் வடை, லாட்டைச் சோதிக்க.
இரண்டாவது, உறுதி செய்ய.
மூன்றாவது,
நான்தான் தப்பு என்று தெரிந்துபோனதால்.
அதன்பின் சர்க்கரை தூவிய பலாத்தா வந்தது.
அதற்குக் காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

பிற்பகல் முழுக்க மழை.
தெருவில் தண்ணீர், தண்ணீரில் செருப்புகள்.
கணுக்காலைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.
விழித்தபோது கரண்ட் இல்லை,
கீழே காவல்காரரின் ரேடியோ நள்ளிரவு தாண்டியதைச் சொன்னது.
கையில் பார்த்தால் பதினொன்று பத்து.

மாத்திரைக்காக மாற்றாமல் விட்டிருந்தேன்,
அது இன்னும் விருதுநகர் நேரம்.
இந்த ஊருக்கு நாளை வந்துவிட்டது,
என் மணிக்கட்டில் மட்டும்
நேற்று ஐம்பது நிமிஷம் பாக்கி.
அடிகளில் ஆயிரத்து நானூறு குறைவு.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன்.
ஏறினேன். இறங்கினேன்.
இருட்டுக்குள் சத்தமாக எண்ணினேன், எலிகள் ஒதுங்கட்டும் என்று.
நாலாம் மாடியில் ஒருவர்,
தோளில் குழந்தை, அது தூங்க மறுத்து,
நடைபாதையில் போவதும் வருவதுமாக.
என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை.
கடிகாரத்தைக் காட்டினேன், அவருக்குப் புரியவில்லை.
அடுத்த முறை நான் ஏறியபோது
அவரும் கூட ஏறத் தொடங்கினார்.
படிக்குப் படி குழந்தையின் தலை ஆடியது.
எழுபத்திரண்டில் அழுகை நின்றது.
எண்ணுவதை நான் உதட்டுக்குள் மாற்றிக்கொண்டேன்.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில்
மணிக்கட்டிலும் நேற்று முடிந்தது.
முப்பது அடி.
படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன், மூச்சு வாங்க.

காலையில் அதே டீக்கடை, அதே தட்டுகள்.
பசிக்கு மட்டும் என்று
ஒரு இச்சாக்குவேயைப் பாதி கிள்ளித் தின்றேன்.
பையன் தட்டை எண்ணினான்,
மீதிப் பாதியைத் தூக்கிப் பார்த்தான்,
இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
மருதப்பனைப் பார்த்தான்.

முழுசாகவே போடப்பா, என்றேன்.